என் மகன் குடித்திருக்கவில்லை

கிறிஸ்துமஸ் ஒயினுக்குப் பன்னீர் திராட்சைதான் தோதுப்படும், டாக்டரம்மா. விதையில்லாத பச்சைத் திராட்சையில் நிறமும் வராது, மணமும் வராது. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, சர்க்கரையோடு கசக்கிப் பீங்கான் ஜாடியில் போட வேண்டும். ஒரு கை கோதுமை, நாலு கிராம்பு, பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட் கொஞ்சம். பிறகு இருபத்தொரு நாள், காலையில் ஒருமுறை கலக்கிவிட வேண்டும். மற்ற வீடுகளில் மரக்கரண்டி போடுவார்கள். எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து கையால்தான். முதல் நாள் யார் கை விட்டாளோ அவளே கடைசி நாள் வரைக்கும் விட வேண்டும். நடுவில் கை மாறினால் காடியாகப் போய்விடும் என்பார்கள்.

நீங்கள் எழுதித் தரச் சொன்னது வேறு என்று தெரியும். உங்கள் வார்டில் நான்காம் கட்டிலில் கிடந்த லியோனார்டின் இரத்தத்தில், ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் கட்டிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் சரியாகச் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது என்று ரேச்சல் சிஸ்டர் சொன்னாள். ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என் பெயர் இருதயம்மாள். வயது அறுபத்தொன்று. ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்சந்தில் வீடு. ஒன்பது வருடமாக இந்த வார்டில் ஆயா. வெள்ளை அணு இறங்கிப் போன நோயாளிகளை வைக்கிற ஆறு கண்ணாடி அறைகளையும் என் வீட்டு அறைகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, விரிப்பு மாற்றுவது என் வேலை. கழுத்துக் குழாயில் மருந்து ஏற்றுவது சிஸ்டர்களின் வேலை. ஆனால் துணி மாற்றும்போது குழாயைத் தூக்கிப் பிடிக்காமல் எப்படி மாற்றுவது. அதனால் அதிலும் என் கை படும்.

என்னைப் போலக் கை கழுவுகிறவள் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று நீங்களே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு. ஐந்தாம் கட்டில் நவ்ரீன் கண்ணாடிக்குள்ளிருந்து அதை எண்ணுவாள். "ஆன்ட்டி, இப்டியே தேச்சிக்கினு இருந்தா கைரேகை அழிஞ்சிபூடும். அப்பால ரேஷன் கடையில மெஷின் உங்கள யார்னு கேக்கும்" என்பாள். பத்தொன்பது வயது. கொருக்குப்பேட்டைப் பெண். பி.காம். இரண்டாம் வருடத்தில் நோய் வந்தது. மொட்டைத் தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு, என் வாயைக் கிளறுவதே அவளுக்குப் பொழுதுபோக்கு.

இப்போது என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ரூ என் ஒரே பிள்ளை. இருபத்தாறு வயதில் போனான். நாலு வருடம் ஆகிறது. திருவொற்றியூர்ப் பக்கம், கப்பலில் ஏற்றுவதற்காகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் தேக்கி வைக்கிற பெரிய இரும்புத் தொட்டிகள் உண்டு. டேங்கைக் கழுவும் கூட்டத்தில் அவன் வேலை பார்த்தான். கூட்டத்துக்கு மேஸ்திரி லியோனார்ட். அவர் அந்நியர் இல்லை. எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிக்கிறவர். கணீரென்ற குரல். ஆண்ட்ரூவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவர்தான். வேலையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

பாகை இறைத்த பிறகு அடியில் முழங்கால் அளவு நிற்கும். அதில் தண்ணீர் விட்டால், மே மாத வெயிலுக்கு இரண்டே நாளில் நுரைத்துப் பொங்கும். ஆள் இறங்குமுன் மூடியை ஒரு நாள் முழுக்கத் திறந்து போட வேண்டும். உள்ளே காற்று அடிக்க வேண்டும். மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி, மூச்சு விட முடியுமா என்று பார்க்க வேண்டும். அன்று கப்பல் காத்திருந்தது. மீட்டர் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். லியோனார்ட் என் மகனைப் பார்த்து, "நைனா, சட்டுனு எறங்கி அந்த வாளிய மட்டும் எட்த்துனு வந்துடு" என்றாராம். அவன் இறங்கினான். ஞானத்தகப்பன் சொன்னால் இறங்காமல் என்ன செய்வான்.

மேலே தூக்கிப் போட்டபோது அவன் உடம்பெல்லாம் சாராய நாற்றம் அடித்தது. அதை லியோனார்ட் மோந்து பார்த்திருக்கிறார். போலீஸ் வருவதற்குள் அவருக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. பையன் குடித்திருந்தான், சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினான்.

என் மகன் குடிக்க மாட்டான், டாக்டரம்மா. கிறிஸ்துமஸுக்கு நான் ஊற்றித் தரும் அரை டம்ளர் ஒயினையே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பான். அவன் உடம்பில் சாராயம் இல்லை என்று ஆஸ்பத்திரி அறிக்கையும் வந்தது. பதினொரு மாதம் கழித்து வந்தது. என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். ஆனால் எங்கள் தெருவில் யாரும் காகிதம் வாசிப்பதில்லை. எங்களுக்காக வாசிக்கிறவர் லியோனார்ட்.

அடக்கப் பூசையில் அப்போதிருந்த ஃபாதர் என் மகன் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதுகூடப் போகட்டும். அடுத்த வருடம் மே மாதம் பங்கு இளைஞர் மன்றம் மதுவிலக்கு நாள் கொண்டாடியது. யோசனை லியோனார்டுடையது. பத்தடி ஃப்ளெக்ஸில் ஆண்ட்ரூவின் படம். அடக்கத்துக்காக நானே தேடி எடுத்துக் கொடுத்த படம். கீழே 'இன்னொரு ஆண்ட்ரூ வேண்டாம்' என்று சிவப்பு எழுத்து. வருடா வருடம் அதைக் கட்டினார்கள். மழைக்காலம் தொடங்குகிற வரைக்கும் கோயில் வாசலில் நிற்கும். நான் அதைத் தாண்டித்தான் பூசைக்குப் போக வேண்டும். விழா அன்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, லியோனார்ட் தன் கையால் எனக்குச் சால்வை போடுவார். பையன்கள் வரிசையாக வந்து, என் மகன் படத்தின் மேல் கை வைத்து, இவனைப் போல் ஆக மாட்டோம் என்று சத்தியம் செய்வார்கள்.

நாலு சால்வை இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கின்றன. மடித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் எங்களுக்குக் கை கழுவ வகுப்பு எடுத்தீர்கள், நினைவிருக்கிறதா. பொறுமையாக, குழந்தைகளுக்குச் சொல்வது போலச் சொன்னீர்கள். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் வெள்ளை அணு இல்லாதவர்களின் குழாய் வழியாக உள்ளே போனால் இரத்தத்திலேயே குடும்பம் நடத்தும், அபூர்வமாக வரும், வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கவும் முடியாது என்றீர்கள். நான் கை தூக்கினேன்.

"அது மூச்சு வுடுமாம்மா?"

"விடும். சர்க்கரையைத் தின்னுட்டு மூச்சு விடும். மூடின இடமா இருந்தா அது விடற காத்து நம்ம காத்தைத் தள்ளிடும்."

"சாராய நாத்தம் வருமா?"

"சாராயத்தைப் பண்றதே அதுதானே. ஏன் கேக்கறீங்க ஆயாம்மா?"

"சும்மாதாம்மா."

நல்ல கேள்வி கேட்டதற்காக எனக்கு ஒரு சோப்புப் பெட்டி பரிசு கொடுத்தீர்கள். என் மகன் எப்படிச் செத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். இதற்காக நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது.

நாலு வருடமாக நான் ஜாடி போடவில்லை. அந்த மணம் எனக்கு ஆகாமல் போயிருந்தது. இந்த வருடம் போட்டேன். அக்டோபர் கடைசியில் இப்போதைய ஃபாதர் பூசை முடிவில், லியோனார்டுக்கு இரத்தப் புற்றுநோய், தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள், அவருக்காக ஜெபியுங்கள் என்று அறிவித்தார். அதற்கும் ஜாடிக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள், போட்டேன்.

ஜாடிக்கு நாலாம் நாள் அவர் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, நீ இங்கதான் கீறியா? அப்போ நான் பொழச்சிக்கினேன் போ. சிஸ்டர், இது யார் தெர்யுமா? நம்ம அக்கா. இவங்க கை பட்டா கிருமி கும்பிடு போட்டுட்டு ஓடிபூடும்."

ரேச்சல் சிஸ்டர் சந்தோஷப்பட்டாள். சொந்தக்காரர் மாதிரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் ஆயாம்மா என்றாள். பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டு நாளும் நான் முறைப்படி ஆறு இடமும் தேய்த்துக் கழுவித்தான் அவரைத் தொட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

ஆறாம் நாள், முதுகைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது.

"லியோ, ஒரே ஒரு வார்த்த சொல்லு. ஆண்ட்ரூ குடிக்கலன்னு ஃபாதர்கிட்ட சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னார்.

"இப்ப இன்னாத்துக்குக்கா அந்தப் பேஜாரு? என் பொண்ணுக்குத் தை மாசம் கண்ணாலம் வெச்சிக்கினு கீறேன். இந்த நேரத்துல நான் மாத்திப் பேசுனா எவன் மதிப்பான்?"

"எம்புள்ள பேரு லியோ."

"அட, அவன் பேருக்கு இன்னா கொறச்சல்? அவன் படத்தப் பாத்து எத்தினி பசங்க குடிய வுட்டானுங்க தெர்யுமா? உயிரோட இருந்தா அவனால இத்த செய்ய முடிஞ்சிருக்குமா? செத்தும் புண்ணியம் பண்ணிக்கினு கீறான்க்கா உம்புள்ள. நீ பெருமப்படணும். கொஞ்சம் கீழ தேய், அரிக்குது."

கீழே தேய்த்துவிட்டேன்.

மறுநாள் ஏழாம் நாள். காலையில் ஆறு மணிக்கு முழங்கை வரைக்கும் ஜாடிக்குள் விட்டுக் கலக்கினேன். துண்டில் துடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தேன். வழக்கமாக வந்ததும் தொட்டிக்குப் போய்க் கை கழுவிவிட்டு முதல் கட்டிலிலிருந்து ஆரம்பிப்பேன். அன்றிலிருந்து வரிசையை மாற்றினேன். வந்ததும் நான்காம் கட்டில். அதை முடித்துவிட்டுக் கை கழுவுவேன். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. எனக்கு உறவுக்காரர் என்பதால் அவரை முதலில் பார்க்கிறேன் என்று ரேச்சல் சிஸ்டர் நினைத்தாள். இப்படிப் பாசம் வைக்க யாருக்கு வரும் என்றுகூடச் சொன்னாள்.

நான் செய்தது இவ்வளவுதான். அவருக்கு விஷம் வைக்கவில்லை. ஊசி போடவில்லை. திட்டக்கூட இல்லை. ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் கை கழுவவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படிப்பட்ட கையோடுதான் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்கிறோம். அவரையும் நான் தெருக்காரரைப் போலத்தான் தொட்டேன். துணி மாற்றும்போது குழாயின் மூடியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

பதினைந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. குளிரில் கட்டில் ஆடியது. மருந்து மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். இரத்தம் எடுத்து அனுப்பினீர்கள். சோதனைக் கூடத்தில் ஈஸ்ட் மாதிரி ஏதோ முளைக்கிறது, எடுக்கும்போது யாருடைய கையோ பட்டிருக்கும், வேறு இரத்தம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நம்ப முடியாததைக் கண்ணால் பார்த்தாலும் மனிதர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உதடு வெடித்தது. வாசகம் வாசிக்கிற குரல் போய்ப் பூனைக்குட்டிச் சத்தம் ஆனது. அதில் நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கவனித்தேன், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் கேட்கிறார் என்று எண்ணினேன்.

பதினெட்டாம் நாள் அவருக்குப் பயம் வந்தது. சாவுக்குப் பயப்படுகிறவர்களின் கண்ணை ஒன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன், எனக்கு உடனே தெரிந்துவிடும். செல்போனை எடுக்கச் சொன்னார். ஃபாதருக்கு வாய்ஸ் மெசேஜ் போட வேண்டும் என்றார். நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் பேசினார். அந்தக் குரல் எனக்கு மனப்பாடம்.

"ஃபாதர், நான் லியோனார்ட் பேசறேன். ஆண்ட்ரூ அன்னிக்குக் குடிக்கல. நான்தான் எறங்க சொன்னேன். மீட்டர் போட்டுப் பாக்கல. நாத்தம் டாங்கியில இருந்து வந்துது. எனக்கு அப்பவே தெர்யும். கோயில்ல எல்லார்க்கும் சொல்லிடுங்க."

அனுப்பிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "போதுமாக்கா?" என்றார்.

"போதும் லியோ" என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டேன்.

அந்த நிமிடம் நான் உங்கள் அறைக்கு வந்து, டாக்டரம்மா, சோதனைக் கூடத்தில் முளைப்பது கைப்பிழை இல்லை, நிஜம் என்று சொல்லியிருக்கலாம். காளானுக்குக் கொடுக்கிற மருந்து இருக்கிறது, அதைக் கொடுத்திருந்தால் பாதிக்குப் பாதி பிழைத்திருப்பார் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதுதான். ஆனாலும் பத்தொன்பதாம் நாள் காலையில் ஜாடியில் கை விட்டேன், துண்டில் துடைத்தேன், நான்காம் கட்டிலுக்குப் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வரிசை பழகிவிட்டது.

இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஜாடியில் கை விட்டுத் துடைத்துக்கொண்டு நான் வேலைக்கு வந்தபோது அவர் போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவரைத் துடைத்து, வாய் கட்டி, தயார் செய்தது நான்தான். வேறு யாரையும் விடவில்லை. முடித்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு அழுகை வந்தது. அவருக்காக இல்லை. நாளைக் காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் இல்லையே என்பது போல ஒரு வெறுமை. நவ்ரீன் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, இங்க வாங்களேன். அழுவாதீங்க. அவுரு உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா?"

"ரொம்ப வேண்டியவர்தாம்மா."

என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் தலையணை நழுவியிருந்தது. கழுத்துக் குழாயைத் தூக்கிப் பிடித்து அதைச் சரி செய்தேன். அதற்கு முன்னால் கை கழுவினாயா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். கழுவவில்லை. வேண்டுமென்று இல்லை, நினைவு வரவில்லை. ஒன்பது வருடத்தில் அது ஒன்றுதான் என் கைப்பிழை. அதை வேலைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

புதன்கிழமை லியோனார்டை அடக்கம் செய்தோம். கல்லறையில் ஃபாதர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் பதிவைக் கேட்டிருக்கிறார். கண் கலங்கியிருந்தது. "இதை நாலு பேர் மட்டும் இருக்கற இடத்துல சொல்லக் கூடாதும்மா. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசையில, கோயில் நெறஞ்சிருக்கறப்ப எழுதி வாசிக்கறேன்" என்றார். நாலு வருடம் பொறுத்தவளுக்கு நாலு நாள் பெரிதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நவ்ரீனுக்குக் காய்ச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் எங்கள் எல்லோரையும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். முகம் வெளிறியிருந்தது. "யாராவது வீட்ல ரொட்டி மாவு, ஒயின், ஏதாவது புளிக்க வைக்கறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, யார் வேலையும் போகாது. தெரிஞ்சா இன்னிக்கே மருந்தை மாத்திடுவேன். இந்தப் பொண்ணைக் காப்பாத்திடலாம்" என்றீர்கள். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். என் முறை வந்தது.

"எங்க வூட்ல இட்லி மாவே கடைலதாம்மா வாங்கறது" என்றேன். மற்ற ஆயாக்கள் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் நியாயம் தெரிந்தவர். அன்றைக்கு நான் ஒயின் என்று வாயைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும். போலீஸ் வந்திருக்கும். ஃபாதர் காதுக்குப் போயிருக்கும். கொன்றவள் கையால் பொத்தானை அழுத்தி வாங்கிய வாக்குமூலத்தை எந்தச் சாமியார் பீடத்தில் நின்று வாசிப்பார். வருகிற மே மாதம் என் மகன் மறுபடி ஃப்ளெக்ஸில் ஏறியிருப்பான். இந்த முறை, குடிகாரன், கொலைகாரியின் மகன் என்று இரண்டு வரி. நவ்ரீன் இளரத்தம். மூன்று நாள் தாங்குவாள் என்று நினைத்தேன். அவள் அம்மா ஜீனத் வெளியே பெஞ்சில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நவ்ரீனுக்குச் சூடு குறையவே இல்லை. நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் கை கழுவினேன். ரேச்சல் சிஸ்டரைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசையில் ஃபாதர் வாசித்தார். கோயிலில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. ஆண்ட்ரூ அன்னிக்குக் குடிக்கல என்கிற இடம் வந்தபோது, முன்னாலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. பூசை முடிந்ததும் இளைஞர் மன்றப் பையன்கள் வந்து என் காலைத் தொட்டார்கள். தலைவன் பையன், கிடங்கில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸை எடுத்து வந்து என் முன்னாலேயே கத்தரியால் வெட்டினான். முகம் இருந்த துண்டை மட்டும் தனியாக வெட்டி என்னிடம் கொடுத்தான். "ஆயா, ஆண்ட்ரூ அண்ணன நாங்க கலீஜா பேசிட்டோம், மன்னிச்சுடு" என்றான். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கட்டிக்கொண்டார்கள். நாலு வருடத்தில் முதல்முறையாக என் மகனை, குடிக்காதவனாக, வீட்டுக்குக் கொண்டு போனேன்.

மத்தியானம் டியூட்டிக்கு வந்தேன். நவ்ரீன் கண்ணைத் திறந்து, "ஆன்ட்டி, இன்னிக்கு மூஞ்சி இன்னா இப்டி ஜொலிக்கிது? யாருக்குக் கண்ணாலம்?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் செய்த கேலி.

வாசித்து முடிந்துவிட்டதே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சொல்லத்தான் இருந்தேன். உங்கள் அறை வாசல் வரைக்கும் வந்தேன். நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன். ஒரு சாயங்காலம், டாக்டரம்மா. எங்கள் சந்தில், குடிக்காத ஒரு பிள்ளையைப் பெற்றவளாக ஒரே ஒரு சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆசைப்பட்டேன். வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அது அதிகமான ஆசையாகப் படவில்லை.

திங்கட்கிழமை லியோனார்டின் இரண்டாவது அறிக்கை வந்தது. சோதனைக் கூடம் பெயர் சொல்லிவிட்டது. நீங்கள் ஓடினீர்கள். நவ்ரீனுக்கு மருந்தை ஆரம்பித்தீர்கள். மூன்று நாள் தாமதம் என்று நீங்கள் யாரிடமோ சொல்லி மேஜையில் கையால் அடித்தது எனக்குக் கேட்டது. புதன்கிழமை காலையில் அவளையும் நான்தான் துடைத்தேன். இந்த முறை முன்னாலும் கழுவினேன், பின்னாலும் கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்து சொன்னேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதைப் போலீஸிடம் மறக்காமல் சொல்லுங்கள். லியோனார்டைக் கொன்றது நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நவ்ரீனுக்கு வந்ததும் என் கையிலிருந்துதான். தெரிந்தும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான். ஜாடியை ஆட்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கேட்டிருந்தால் நானே தூக்கிக் கொடுத்திருப்பேன்.

ஒன்றுதான் பாக்கி. ஜீனத்திடம் யார் சொல்வது என்று நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள். நேற்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எம்பொண்ணக் கடேசி வரிக்கும் பூவாட்டம் வெச்சிக்கினீங்க, அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்" என்று அழுதாள். அதனால் நானே சொல்வதுதான் முறை. நீங்கள் அனுமதித்தால் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக எடுத்துச் சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். முதலில் அடிப்பாள், அடிக்கட்டும். அழுது ஓய்ந்த பிறகு, அவளைவிட நான் எவ்வளவு பட்டவள் என்று சொன்னால் புரிந்துகொள்வாள். அவள் பெண்ணைப் பற்றி ஊரில் யாரும் ஒரு பொய் சொல்லவில்லை. அவள் படத்தை எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. காய்ச்சல் வந்து செத்தாள், நல்ல பெண் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பெற்றவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.